மயக்க மருந்துக்கு முன் ஒரு துளி இரத்தம்

சென்ற மாதம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, ஏனையவற்றைவிட அதிக நாள் என் மேசைமீது கிடந்தது. அதை எழுதியவர் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருவர். அவர்களது வீட்டிலே ஆறு வயதுப் பெண்நாய் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் குட்டி ஈன்று அது இளைத்துப் போவதைக் கண்ட வீட்டார், சத்திரசிகிச்சை மூலம் அதன் கருப்பையை அகற்றிவிடத் தீர்மானித்திருக்கிறார்கள். நாயைப் பார்வையிட்ட மிருக வைத்தியர், "மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது" என்றாராம். அங்கேதான் வீட்டில் வாக்குவாதம் மூண்டிருக்கிறது.

"எதற்கு இந்த வீண்செலவு? அந்தக் காசுக்கு ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாமே!" என்கிறார் தகப்பனார். "துள்ளித் திரிகிற சீவனை எதற்காக இன்னுமொரு தரம் ஊசியாற் குத்தவேண்டும்?" என்கிறார் தாயார். "ஐயா, யார் சொல்வது சரி? நாய் மயக்கத்திலேயே செத்துப்போய்விடுமோ என்று எண்ணி எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை" என்று கேட்கிறார் மகள்.

ஒரு வரியில் விடை கூறி இக்கடிதத்தை ஒதுக்கிவிடலாம். ஆனால், இதே கேள்வி இன்று பல வீடுகளில் எழுகின்றது. நாயோ பூனையோ வீட்டில் ஒருவராகவே வளர்கின்ற காலம் இது. ஆகவே விஷயத்தைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

மயக்க மருந்து மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்டன் நகர் ஆஸ்பத்திரியில் வில்லியம் மோட்டன் என்பவர் ஈதர் ஆவியைச் சுவாசிக்கச் செய்து, நோயாளி ஒருவர் வேதனை அறியாதவாறு சத்திரசிகிச்சை நடைபெறக் காட்டினார். மறு ஆண்டிலே எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்சன், குளோரபோமைப் பயன்படுத்தினார். அதற்கு முன்னர், மனிதராயினும் மிருகமாயினும் கத்திக்கு முன் கட்டிப் பிடித்து வைக்கப்பட வேண்டியவரே. மிருகங்களின் நிலை பின்னரும் நெடுங்காலம் மாறவில்லை. சில சத்திரசிகிச்சைகளின்போது விலங்குகளுக்கு மயக்க மருந்து கொடுத்தேயாக வேண்டும் என்று பிரித்தானியாவில் சட்டம் பிறந்தது 1919ஆம் ஆண்டிலேதான்.

ஆயினும், அந்தப் பேற்றுக்கு ஒரு விலை உண்டென்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி, இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அண்மையில், ஹன்னா கிறீனர் என்ற 15 வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். நகத்தை அகற்றுதல் அற்பக் காரியம். அவளும் நடமாடித் திரிந்த பெண்ணே. வெட்டுவது சிறிதா பெரிதா என்பது வேறு, மயக்குவது வேறு என்ற பாடத்தை வைத்திய உலகம் அன்று கற்றுக்கொண்டது. "சின்னச் சத்திரசிகிச்சைதானே" என்று நாம் சொல்லும்போதெல்லாம் இதனை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

மயக்கம் என்பது நித்திரையன்று. நித்திரையில் இருக்கும் நாய் ஒரு சிறு சத்தத்துக்கும் காதை நிமிர்த்தும். மயக்கத்தில் இருக்கும் நாயோ தோலை அறுப்பதையும் உணர்வதில்லை. மூளை அந்த அளவுக்கு ஒடுங்கும்போது சுவாசமும் மெலிகிறது. இருதயத்தின் வேகம் குன்றுகிறது. இரத்த அழுத்தம் தாழ்கிறது. உடலின் சூடும் இறங்குகிறது. சுகதேகியான பிராணி இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடும். உள்ளே ஏதேனும் ஓர் உறுப்பு முன்னரே பழுதுபட்டிருந்தால், அந்த ஒரு மணி நேரமே அதற்குப் பெருஞ் சோதனையாகிவிடும்.

ஊசிமூலம் ஏற்றப்படும் மயக்க மருந்துகள் பலவற்றை உடைத்து அழிக்கும் பொறுப்பு ஈரலுக்குரியது. கழிவை வெளியேற்றுவது சிறுநீரகம். பூனைகளுக்குப் பெரிதும் கொடுக்கப்படும் கெற்றமின் என்ற மருந்து, அவற்றின் உடலிலிருந்து பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே நீங்குகிறது. சிறுநீரகம் கெட்ட பூனையில் அது நெடுநேரம் தங்கிவிடும். ஐசோபுளூரேன் போன்ற ஆவி மருந்துகள் மூச்சோடு உட்சென்று மூச்சோடே வெளியேறுகின்றன. ஆயினும், அவையும் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவன. அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் செல்லாது. ஏற்கனவே நலிந்திருந்த சிறுநீரகம் அதனால் மேலும் நலியும்.

வைத்தியர் இரத்தத்திலே தேடுவது இவற்றைத்தான். முதலாவதாக, செங்குருதிக் கலங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்ப்பார். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிரப்பி, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் சில நிமிடங்களிற் கலங்கள் அடியிற் படியும். சுகமான நாய்க்கு அந்தப் படிவு ஏறக்குறைய 37 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். அதனினும் மிகத் தாழ்ந்திருந்தால், பிராணவாயுவைச் சுமந்து செல்லும் வண்டிகள் போதாவென்று பொருள். படிவின் மேலே நிற்கும் தெளிந்த நீர் மஞ்சளாக இருந்தால் ஈரலையோ, செங்குருதிக் கலங்கள் சிதைவதையோ குறித்துச் சந்தேகிக்க வேண்டும். அதே நீரின் ஒரு துளியிற் புரதத்தின் அளவையும் அறியலாம். பின்னர் குளுக்கோசு, யூரியா, கிறியற்றினின், ஈரல் நொதியங்கள் ஆகியவற்றை அளவிடுவர். இறுதியாக, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நிறமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கலங்களின் வடிவத்தையும், இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுக்களின் தொகையையும் பார்ப்பர்.

இத்தனைக்கும் எடுக்கப்படும் இரத்தம் இரண்டு அல்லது மூன்று மில்லிலீற்றரே. நாயின் உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 90 மில்லிலீற்றர் இரத்தம் ஓடுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள நாயிடம் 800 மில்லிலீற்றருக்குக் குறையாமல் இருக்கும். அதில் மூன்று மில்லிலீற்றர் எடுப்பது, நிறைகுடத்திலிருந்து ஒரு சிரங்கை நீர் அள்ளுவது போன்றது. இதனால் நாய் பலவீனப்படுமென்று எந்தத் தாயாரும் அஞ்சவேண்டியதில்லை.

இனி, தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். அதனைக் கஞ்சத்தனம் என்று நான் கூறமாட்டேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியவர்களும் உண்டு.

பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை, மயக்க மருந்து பெற்ற சிறு பிராணிகளைப் பற்றிப் பெரும் விசாரணையொன்று நடந்தது. ஏறக்குறைய 98,000 நாய்களும் 79,000 பூனைகளும் அதில் அடங்கும். சுகமான நாய்களுள் மயக்க மருந்து தொடர்பாக இறந்தவை 0.05 சதவீதம், அஃதாவது இரண்டாயிரத்துக்கு ஒன்று. நோயுற்றிருந்த நாய்களிலோ அது 1.33 சதவீதம், எழுபத்தைந்துக்கு ஒன்று. பூனைகளில் இவ்விரு தொகைகளும் முறையே 0.11, 1.40 சதவீதமாக இருந்தன. மாணவர்கள் இந்த எண்களை ஒருமுறை வகுத்துப் பார்க்கவேண்டும். சுகமான நாய்க்கும் நோயுற்ற நாய்க்கும் இடையே ஆபத்து இருபத்தைந்து மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆகவே, மேசைமீது கிடத்தப்படும் பிராணி இவ்விரு கூட்டத்தில் எதனைச் சேர்ந்தது என்று முன்னரே அறிந்துகொள்வதே முக்கியமான காரியம்.

அப்படியானால் எல்லாப் பிராணிகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்தேயாக வேண்டுமா? இங்கேதான் தகப்பனாரின் கட்சிக்கும் வலிமை இருக்கிறது. ஜெர்மனியின் லெயிப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் 1,537 நாய்களை ஆராய்ந்து 2008இல் தம் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 84 சதவீதமானவற்றுக்கு, வரலாற்றைக் கேட்டும் உடலைப் பார்த்தும், இரத்தப் பரிசோதனை தேவையில்லை என்றே தோன்றியது. அவ்வாறு தோன்றிய நாய்களையும் பரிசோதித்தபோது, சத்திரசிகிச்சையைப் பிற்போடவேண்டும் என்று காணப்பட்டவை 0.8 சதவீதமே. முன்கூட்டியே வேறு சிகிச்சை தேவைப்பட்டவை 1.5 சதவீதம். மயக்கும் முறையையே மாற்றவேண்டியிருந்தவை 0.2 சதவீதம். ஆகவே, இளமையும் சுகமும் உள்ள நாயில், நல்ல வைத்தியரின் கண்ணும் கையும் காதும் பெரும்பாலானவற்றைக் கண்டுகொள்கின்றன என்பதே அவர்கள் கண்ட உண்மை.

இதில் இன்னுமொரு நுட்பமும் உண்டு. பரிசோதனைத் தாளில் "இயல்பான அளவு" என்று அச்சிடப்பட்டிருப்பது, சுகமான பிராணிகளுள் 95 சதவீதமானவை அடங்கும் எல்லையே. எஞ்சிய ஐந்து சதவீதம் நோயின்றியே எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற பன்னிரண்டு அளவுகளை எடுத்தால், முற்றிலும் சுகமான பிராணியிலும் ஏதேனும் ஒன்று எல்லை மீறுவதற்கு 46 சதவீதம் இடமிருக்கிறது. பயந்துபோன பூனையின் இரத்தத்தில் குளுக்கோசு ஏறும். கிறேஹவுண்ட் இன நாய்க்குச் செங்குருதிக் கலங்கள் பிறவியிலேயே அதிகம். ஆகவே, தாளில் ஓர் எண் தடித்திருப்பதைக் கண்டு வீட்டார் திகிலடைவதும், அதன்பின் பரிசோதனைமேற் பரிசோதனையாகச் செய்து அலைவதும் கூடாது. எண்ணைப் படிப்பவர் வைத்தியராயிருக்க வேண்டும்.

ஆனால், வயது முதிர்ந்த நாய்களில் கதை வேறு. தென்னாபிரிக்க மிருக வைத்தியச் சஞ்சிகையொன்றில் 2007இல் வெளிவந்த ஆய்வில், ஏழு வயதைத் தாண்டிய 101 நாய்களைப் பரிசோதித்தார்கள். அவற்றுள் 30 நாய்களில் அதுவரை அறியப்படாத நோய் வெளிப்பட்டது. 13 நாய்களுக்கு அதன் காரணமாக மயக்க மருந்தே கொடுக்கப்படவில்லை. கிறியற்றினின் ஏறத் தொடங்குவதற்குள் சிறுநீரகத் தொழிலில் ஏறக்குறைய முக்காற் பங்கு அழிந்துபோயிருக்கும் என்பதை நினைத்தால், வெளித்தோற்றத்தை நம்புதல் எவ்வளவு தவறு என்பது விளங்கும். முதிய பூனை அதிகம் தண்ணீர் குடிப்பதை நாம் தாகம் என்று எண்ணுவோம். அது சிறுநீரகத்தின் முறைப்பாடாக இருக்கலாம்.

இப்போது மாணவியின் கடிதத்துக்கு மீண்டும் வருவோம். கடிதத்தின் அடியிலே, போகிறபோக்கில் அவர் ஒரு வரி எழுதியிருக்கிறார். "எங்கள் நாய்க்கு மழைக்காலத்தில் காதெல்லாம் உண்ணி மொய்க்கும். இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சல் வந்து நாலு நாள் சாப்பிடாமற் கிடந்தது. பிறகு தானாகவே சுகமாகிவிட்டது." அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதம் என் மேசைமீது அத்தனை நாள் கிடந்தது.

நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் உண்ணிக்கு மிகவும் உகந்தவை. உண்ணி வெறுமனே இரத்தத்தை உறிஞ்சிப் போவதில்லை. நோயையும் விட்டுச் செல்கிறது. பபீசியா என்ற நுண்ணுயிர் செங்குருதிக் கலத்தினுள்ளே புகுந்து அதனைச் சிதைக்கும். அதன் ஓர் இனத்தை 1910ஆம் ஆண்டு முதன்முதலாக விவரித்த பற்றன் என்பவர், அதைச் சென்னையில் இருந்த வேட்டைநாய்களின் இரத்தத்திலேயே கண்டார். ஆகவே இது நமக்குத் தூரதேசத்து வியாதியன்று. ஏர்லிக்கியா என்ற மற்றொரு கிருமி வெண்குருதிக் கலங்களிற் குடிகொள்ளும். முதலில் வரும் காய்ச்சல் தானாகத் தணியும். நாய் பழையபடி ஓடித் திரியும். ஆனால், கிருமி உள்ளே மாதக்கணக்காக, சிலவேளை வருடக்கணக்காக மறைந்திருக்கும். அக்காலத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைந்துபோகின்றன. சுகமான நாயில் ஒரு கனமில்லிமீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 2 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை இருக்கவேண்டியவை, சில ஆயிரங்களுக்கே இறங்கிவிடுவதும் உண்டு.

அத்தகைய நாயின் வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றினால் நிகழக்கூடியது என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. வைத்தியர் முடிச்சைச் செவ்வையாகவே இட்டிருப்பார். ஆனால் வெட்டிய இடமெல்லாம் இரத்தம் கசிந்துகொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஆபத்தை முன்கூட்டியே காட்டித்தரக் கண்ணாடித் தகட்டிற் பூசிய ஒரு துளி இரத்தத்தால் முடியும். நோய் இருப்பது உறுதியானால், வைத்தியர் வழக்கமாக நான்கு வாரங்கள் மருந்து கொடுப்பார். பின்னர் மீண்டும் பரிசோதித்து, எண்ணிக்கை ஏறியபின் சத்திரசிகிச்சை செய்யலாம். ஒரு மாதம் பிந்துவதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆழம் அறியாமற் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது ஆற்றுக்கு மட்டுமா?

ஆகவே, அம்மாணவியின் நாய்க்குப் பரிசோதனை அவசியம் என்பதே என் கருத்து. பரிசோதனைகள் அனைத்தையும் செய்விக்க வசதி இல்லையாயின், தகப்பனார் அதை வைத்தியரிடம் ஒளியாமற் கூறலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செங்குருதிக் கலப் படிவு, புரதம், இரத்தப் பூச்சு ஆகிய இம்மூன்றும் செலவு குறைந்தவை. இந்த நாயைப் பொறுத்தவரை மிகவும் வேண்டியவையும் இவையே. மீதியைப் பற்றி வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

ஏனைய வாசகர்களும் சில விஷயங்களை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஏழெட்டு வயதைத் தாண்டிய பிராணி, உண்ணிக் காய்ச்சல் வந்த பிராணி, காரணமின்றி மெலிந்தது, அதிகம் தண்ணீர் குடிப்பது, முரசு வெளிறியது, முன்னர் காயம்பட்டபோது இரத்தம் நிற்கத் தாமதித்தது ஆகிய இவற்றுக்கெல்லாம் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். வீட்டில் கொடுத்த மருந்து எதுவாயினும், அது கைமருந்தாயினும், வைத்தியரிடம் மறைக்கலாகாது. எத்தனை மணி நேரம் பட்டினி போடவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும். வளர்ந்த நாய்க்குரிய பட்டினியைச் சிறு குட்டிக்கும் விதித்தால், அதன் இரத்தத்தில் குளுக்கோசு அபாயகரமாகத் தாழ்ந்துவிடும்.

இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்பியும் இருந்துவிடக் கூடாது. இருதயத்தின் பழுதை அறியப் பெரும்பாலும் உதவுவது வைத்தியரின் காதுக்குழாயே. முன் கூறிய பிரித்தானிய விசாரணையில், இறந்த நாய்களுள் ஏறக்குறைய பாதியும், பூனைகளுள் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்டவையும் சத்திரசிகிச்சை முடிந்த பின்னரே இறந்திருக்கின்றன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆதலால், "முடிந்துவிட்டதே, கொண்டு போவோம்" என்று வைத்தியரை அவசரப்படுத்த வேண்டாம். பிராணி நன்கு தெளிந்து தலைநிமிரும்வரை அது அங்கேயே, குளிர்படாமல், ஒருவர் பார்வையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் வலிக்கு இரங்கி, மனிதருக்குரிய மாத்திரையைக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒரேயொரு பரசிற்றமோல் மாத்திரை பூனையொன்றின் உயிரைப் போக்கப் போதுமானது.

இவ்வளவு செய்த பின்னரும் ஆபத்து அறவே இல்லாமற் போவதில்லை. எந்த நேர்மையான வைத்தியரும் அப்படி உறுதி கூறமாட்டார். ஆயினும் அறிந்து எதிர்கொள்ளும் ஆபத்து வேறு. அறியாமற் சென்று விழும் ஆபத்து வேறு. நமக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் நம்மிடம் கேட்பார்கள்; நெஞ்சு நோகிறதா, முன்னர் என்ன வருத்தம் வந்தது என்று நாம் விடை சொல்வோம். வாயில்லாச் சீவனிடம் எவரும் கேட்க முடியாது. அதற்காக விடை சொல்லக்கூடியவை இரண்டே: ஒன்று அதன் இரத்தம், மற்றது அதனோடு வாழ்ந்து அதன் வரலாற்றை அறிந்த நாம்.

மாணவிக்கு ஒரு வார்த்தை. கடிதத்தின் அடியில் எழுதிய அந்த இரு வரிகளையும் வைத்தியரிடம் முதலாவதாகச் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் அருகில் இருக்கும்போதே சொல்லுங்கள். அதன்பின், வீட்டில் வாக்குவாதத்துக்கு அதிக இடமிராது என்று எண்ணுகிறேன்.